ரா ஃபைலில் படம் எடுக்க: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

கேமரா வாங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். "ராவுல எடு, அப்புறம் எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ரா என்றால் சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் ஃபைல். ஒகேனக்கல் போய் நானூறு படம் எடுத்து வருகிறீர்கள். லேப்டாப்பில் போட்டால் பாதி திறக்கவே இல்லை. திறந்தவை கேமரா திரையில் பார்த்ததைவிடச் சப்பென்று இருக்கின்றன. அருவி இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்தாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. முதல் இரண்டும் சரிசெய்யக்கூடியவை. மூன்றாவதை யாராலும் சரிசெய்ய முடியாது.

"எப்படி வேணும்னாலும்" என்பது பாதி உண்மை. நிறத்தை மாற்றலாம், இருட்டைத் தூக்கலாம், அதாவது வெளிச்சமாக்கலாம். எரிந்துபோன வெள்ளையும், கை ஆடிய படமும், ஃபோகஸ் தவறிய கண்ணும் ராவில் எடுத்தாலும் போனது போனதுதான். அதனால் கீழே படம் எடுக்கும் பகுதி நீளமாகவும் மென்பொருள் பகுதி சுருக்கமாகவும் இருக்கும்.

1. எதற்கு ரா, எதற்கு ஜேபெக்

ரா அரைத்து வைத்த மாவு, கேமராவே நிறம் சேர்த்து முடித்துத் தரும் ஜேபெக் வெந்த இட்லி. மாவு கையில் இருந்தால் தோசையும் ஊற்றலாம். வெந்ததைத் திரும்ப மாவாக்க முடியாது. கணக்காகச் சொன்னால், ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 12 பிட் ராவில் 4,096, 14 பிட் ராவில் 16,384. நிழலில் இருக்கும் முகத்தைத் தூக்கும்போது ஜேபெக் திட்டுத்திட்டாக உடைவதும் ரா தாங்கிக்கொள்வதும் இந்தப் படிகளால்தான்.

அதற்காக எல்லாவற்றையும் ராவில் எடுக்கத் தேவையில்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஆயிரம் படம் எடுத்து அன்றிரவே கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட் சைஸ் படம் என்றால் ஜேபெக் போதும். அருவி, விடியல், மண்டபத்துக் கலவை வெளிச்சம், மாந்தோப்பு நிழல் என்றால் ரா.

முதல் மூன்று மாதம் ரா+ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியும்படி வையுங்கள். கார்டு சீக்கிரம் நிறையும்தான். ஆனால் கேட்பவர்களுக்கு அன்றே அனுப்ப ஒரு படம் கையில் இருக்கும். அதைவிட முக்கியம், கேமரா செய்த நிறத்தையும் நீங்கள் செய்த நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வாத்தியார் இல்லை.

2. பில், வாரண்டி, சீரியல் நம்பர்

"பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்று ஓசூரிலோ பெங்களூரிலோ கடைக்காரர் சொன்னால் யோசியுங்கள். டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதை விட்டுத் தரும் கேமரா பெரும்பாலும் நேர்வழியில் இறக்குமதி ஆகாதது, இந்திய வாரண்டி கிடைக்காது. ஷட்டர் பழுதானால் மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் போய்விடும்.

பில்லில் கேமராவின் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வெறும் மாடல் பெயர் போதாது. வாரண்டிக்கும் இன்சூரன்ஸுக்கும், திருடு போனால் புகார் கொடுக்கவும் அந்த எண் வேண்டும். கேனான் தன் இலவச மென்பொருளைத் தரவிறக்கும்போதுகூடச் சில சமயம் இதைக் கேட்கும். பல கேமராக்கள் இதே எண்ணை ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கின்றன. "இந்தக் கேமரா என்னுடையது" என்று காட்ட பழைய ரா ஃபைல் ஒன்றே சாட்சி ஆகும். பில்லைப் படம் எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். அந்தக் காகிதத்தில் எழுத்து ஒரே வருடத்தில் மங்கிப்போகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்கள் என்றால் பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள எண்ணும் கேமரா அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கார்டு, ஹார்டு டிஸ்க்: ஜிபி கணக்கு

ரூபாய்க் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறும், ஜிபி கணக்கு மாறாது. அதனால் ஜிபியில் போடுவோம்.

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி. 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் 8 முதல் 10 எம்பி. 64 ஜிபி கார்டில் ரா மட்டும் என்றால் சுமார் 2,100 படம், ரா+ஜேபெக் என்றால் சுமார் 1,600. ஒரு கல்யாணத்துக்கு 1,500 ரா என்றால் 42 ஜிபி. அதன்படி 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் இருபது கல்யாணம் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காப்பி வேண்டும் என்பதால் ஹார்டு டிஸ்க் இரண்டு. கேமரா விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

128 ஜிபி கார்டு ஒன்றைவிட 64 ஜிபி கார்டு இரண்டு நல்லது. ஒன்று செத்தாலும் பாதிக் கல்யாணம் மிஞ்சும்.

கார்டின் மேல் வி30 என்ற குறி இருக்கிறதா பாருங்கள். நொடிக்கு 30 எம்பியாவது தொடர்ந்து எழுதும் என்பதற்கான உத்தரவாதம் அது. பெரிதாக அச்சிட்டிருக்கும் 150, 170 என்ற எண்கள் படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம்.

போலிக் கார்டு பற்றி ஒரு வார்த்தை. வெளியே 64 என்று இருக்கும், கம்ப்யூட்டரும் 64 என்றே காட்டும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். முதல் முந்நூறு படம் ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் எடுத்ததெல்லாம் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இருக்காது. புதுக் கார்டு வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 64 ஜிபிக்கு அரை மணி, முக்கால் மணி ஆகலாம். முகூர்த்தத்தில் அழுவதைவிட அது பரவாயில்லை.

4. கேமராவில் ஒரே ஒரு முறை மாற்ற வேண்டியவை

பத்து நிமிட வேலை. படத் தரம் என்ற மெனுவில் ரா அல்லது ரா+எல் (ராவோடு பெரிய அளவு ஜேபெக்). 12 பிட், 14 பிட் என்று தேர்வு இருந்தால் 14. 'லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு' இருந்தால் அதையே வையுங்கள், தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். கேனானின் புது மாடல்களில் சி-ரா என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 40 சதவீதம் சிறியது, பழகுவதற்குத் தாராளமாகப் போதும்.

பிக்சர் ஸ்டைலை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். ராவுக்கும் பிக்சர் ஸ்டைலுக்கும் சம்பந்தம் இல்லையே என்று கேட்கலாம். ஃபைலுக்குச் சம்பந்தம் இல்லை, இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமுக்கு இருக்கிறது. அந்த வரைபடம் ராவிலிருந்து வருவதல்ல, உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன ஜேபெக்கிலிருந்து வருவது. லேண்ட்ஸ்கேப், விவிட் என்று வைத்திருந்தால் எரியாத வெள்ளையும் எரிந்ததாகக் காட்டும். நீங்கள் பயந்துபோய் படத்தை இருட்டாக்குவீர்கள்.

ஹைலைட் அலர்ட்டை ஆன் செய்யுங்கள். எரிந்த இடங்கள் திரையில் கருப்பு வெள்ளையாக மின்னும். ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், ஆக்டிவ் டி-லைட்டிங் போன்ற தானியங்கி உதவிகளை அணைத்துவிடுங்கள். திரையின் வெளிச்சத்தை நடு அளவில் நிறுத்துங்கள், ஆட்டோவில் விட வேண்டாம்.

ஒரு பொறி: இரவுக் காட்சி, எச்டிஆர் போன்ற சில சீன் மோடுகளுக்குப் போனால் கேமரா சொல்லாமல் கொள்ளாமல் ஜேபெக்குக்கு மாறிவிடும். அபர்ச்சரை நீங்கள் வைக்கும் ஏ அல்லது ஏவி மோடில் இருங்கள். கீழே ஷட்டர் வேகம் சொல்லும் இடங்களில் மட்டும் எஸ் அல்லது டிவி மோடுக்கு மாறுங்கள்.

5. படம் எடுக்கும்போது

அருவியில் ஆரம்பிப்போம், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் கேமரா வாங்கிய எல்லோரும் முதலில் போவது ஒகேனக்கல்தான். அங்கே பாறை கருப்பு, நுரை வெள்ளை. வெயில் ஏறிவிட்டால் இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவது கடினம். ஜனவரியில் சூரியன் எழ 6.40 தாண்டிவிடும், ஜூனில் 5.50க்கே வந்துவிடும். எட்டரை மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது போலத் தருமபுரியிலிருந்து கிளம்புங்கள். பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர், மலைப்பாதையையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கிளம்பும் முன் நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள். வெள்ளம் கூடினால் பரிசலும் குளியலும் நிறுத்தப்படும்.

இடத்தில் செய்ய வேண்டியது: ஏவி மோடு, எஃப்8, ஐஎஸ்ஓ 100. ஒரு படம் எடுங்கள். திரையில் எது மின்னுகிறது என்று பாருங்கள். நுரையில் பொட்டுப் பொட்டாக மின்னினால் விடுங்கள், அது நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில். அருவியின் உடம்பே திட்டாக மின்னினால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் +/- அமைப்பு) -0.7 ஆக்கி மறுபடி எடுங்கள். இன்னும் மின்னினால் -1. அத்தோடு நிறுத்துங்கள். கேமரா எரிந்ததாகக் காட்டும் எல்லைக்கு மேலும் ராவில் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை இடம் இருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). அதை நம்பாமல் -2க்கு இறக்கியவர்கள் வீட்டில் பாறையின் இருட்டைத் தூக்கும்போது நிழல் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளி வரும். ஐஎஸ்ஓ 100இல் நிழலை இரண்டு, மூன்று ஸ்டாப் தூக்கினாலும் இன்றைய சென்சார்கள் தாங்கும். ஐஎஸ்ஓ 3200இல் எடுத்ததை ஒரு ஸ்டாப் தூக்கினாலே முனகும்.

பரிசலும் தெறிக்கும் நீரும் உறைந்தாற்போல வேண்டுமா? 1/1000 நொடி. நீர் பட்டு நூலாக ஓட வேண்டுமா? கால் நொடி முதல் ஒரு நொடி, டிரைபாட், வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர். லென்ஸில் சாரல் படிவதை அங்கே யாரும் கவனிப்பதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் நடுவில் பாலாடை போல ஒரு மங்கல், எந்த ஸ்லைடருக்கும் போகாது. மைக்ரோஃபைபர் துணி இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று கண்டிப்பாக நனைந்துவிடும்.

அருவிக்கு நேர் எதிரான சிக்கல் தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியில். தட்டு நிறைய வெண்கூடு. கேமரா மீட்டருக்கு எல்லாமே நடுச்சாம்பல் என்ற நினைப்பு, கூட்டைச் சாம்பலாக்கிவிடும். இங்கே +1 முதல் +1.3 வரை ஏற்ற வேண்டும். இன்னொரு தொல்லை விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடியும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை அணைந்து எரியும். 1/500இல் எடுத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழலாம், படத்துக்குப் படம் நிறமும் மாறும். 1/100 அல்லது 1/50 வையுங்கள். பட்டை விழுந்த ராவைக் காப்பாற்ற எந்த மென்பொருளிலும் நல்ல வழி இல்லை. ஏலம் நடக்கும் இடம் என்பதால் படம் எடுப்பதற்கு முன் அங்காடி அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்து கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா தொடங்கும்போது புதியவர்களின் கேமராக்கள் ஒன்றாக "பிஸி" காட்டும். ஆரம்பநிலைக் கேமராக்களில் பத்து, பதினைந்து ரா எடுத்ததும் உள்நினைவகம் நிறைந்துவிடும். காளை தடுப்பைத் தாண்டும்போது பட்டனை அழுத்திப் பிடித்தால், உங்களைக் கடக்கும் நேரத்தில் கேமரா கார்டில் எழுதிக்கொண்டிருக்கும். 1/1000 அல்லது 1/1600 வைத்து மும்மூன்று படமாக எடுங்கள். அல்லது அன்று மட்டும் ஜேபெக்குக்கு மாறுங்கள், ஒரு குற்றமும் இல்லை. சிவப்பு விளக்கு எரியும்போது கார்டை உருவாதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்றுவிடும், சில சமயம் கார்டே படிக்காமல் போகும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வ்யூஃபைண்டரில் கண் வைத்தவருக்குப் பக்கத்தில் வருவது தெரியாது.

மண்டபம். ஐஎஸ்ஓ 3200க்குப் பயந்து 800இல் எடுத்து, "ராதானே, அப்புறம் தூக்கிக்கலாம்" என்று விடுவது இந்தத் தொழிலில் மிகப் பரவலான தப்பு. இரண்டு ஸ்டாப் இருட்டாக எடுத்துத் தூக்கிய படத்தில் வரும் புள்ளி, நேராக 3200இல் எடுத்ததைவிடக் குறையாது. பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டு ஐஎஸ்ஓ போகிற இடத்துக்குப் போகட்டும் என்று விடுங்கள். மேடையில் நீலம், ஊதா எல்இடி முகத்தில் நேராக விழும்போது மட்டும் காத்திருங்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பே இல்லை. இல்லாத நிறத்தை, விளக்கின் நிறச் சாய்வைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸ் எங்கிருந்து கொண்டுவரும்?

ராவில் வொயிட் பேலன்ஸைப் பிறகு மாற்றலாம் என்பது உண்மை. ஆனாலும் ஆட்டோவில் விடாமல் ஓரிடத்தில் நிறுத்துங்கள், வெயிலுக்கு டேலைட், நிழலுக்கு ஷேட். ஆட்டோவில் நூறு படத்துக்கு நூறு நிறம் வரும், ஒவ்வொன்றையும் தனியாகத் திருத்தி முடியாது. வெளிச்சம் மாறும் ஒவ்வொரு முறையும் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஒன்றைத் திருத்தினால் மற்றவற்றுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம்.

6. எங்கே யாரிடம் அனுமதி

கோயில் கருவறையில் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். வெளிப்பிரகாரத்துக்கும் டிரைபாடுக்கும் அலுவலகத்தில் கேளுங்கள். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மலைக்கோட்டைகள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுப்பதும் டிரைபாட் போட்டு எடுப்பதும் அங்கே ஒன்றல்ல, ஸ்டாண்டு வைக்க முன் அனுமதி வேண்டும். அணைகளில் தடைப் பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம். சாலையில் யானை தெரிந்தால் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். காட்டுக்குள் போக வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். அடையாள அட்டை நகல், வண்டி எண், போகும் நாள், காரணம் எழுதிய கடிதம் ஆகியவற்றோடு சில நாள் முன்பே போங்கள். "நாளைக்குக் காலையில" என்று போய் நின்றால் நடக்காது.

கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள் ரா ஃபைல் தருவீர்களா மாட்டீர்களா என்பதை முன்பணம் வாங்கும் ரசீதிலேயே எழுதிவிடுங்கள். "அண்ணா, எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துருங்க" என்று கடைசியில் கேட்பார்கள். அவர்கள் வீட்டில் ரா திறக்காது, "படம் கெட்டுப்போச்சு" என்று உங்களுக்கே போன் வரும்.

7. வீடு வந்ததும்

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே காப்பி. 42 ஜிபியைப் பழைய யுஎஸ்பி 2 ரீடரில் ஏற்ற 23 நிமிடம் ஆகும், யுஎஸ்பி 3 ரீடரில் எட்டுப் பத்து நிமிடம். கேமராவைக் கேபிளில் செருகி ஏற்ற வேண்டாம், நடுவில் பேட்டரி தீரும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மின்சாரம் எப்போது போகும் என்று நம் ஊரில் யார் சொல்ல முடியும்?

ஃபோல்டர் பெயரை 2025-01-18-ஒகேனக்கல் என்பது போல வருடம், மாதம், நாள் வரிசையில் வையுங்கள், தானாகவே அடுக்கிக்கொள்ளும். இரண்டு டிஸ்க்கிலும் ஏறி, இரண்டிலும் கடைசிப் படம் வரை திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். அதையும் கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள், லேப்டாப்பில் அல்ல.

தவறி அழித்துவிட்டீர்களா? அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலானவற்றை மீட்டுத் தரும். அழித்த பிறகு எடுத்த ஒவ்வொரு புதுப் படமும் பழைய ஒன்றின் மேல் ஏறி உட்காரும்.

8. மென்பொருளும் "திறக்கவில்லை" என்ற புகாரும்

காசு கொடுக்காமல் தொடங்கலாம். கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ், மூன்றும் அந்தந்த நிறுவனத்தின் இலவசம். எல்லா கேமராவுக்கும் பொதுவாக டார்க்டேபிளும் ராதெரபியும் உண்டு, அவையும் இலவசம். லைட்ரூம் மாதச் சந்தா. பழக எளிது, யூடியூபில் தமிழிலேயே பாடம் கிடைக்கும். ஆனால் சந்தா நின்றால் திருத்தும் வசதியும் நின்றுவிடும். முதல் மூன்று மாதம் உங்கள் கேமரா நிறுவனத்தின் மென்பொருளில் பழகுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. கேமராவில் பார்த்த நிறத்துக்கு மிக நெருக்கமாகத் திறப்பது அதுதான்.

லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருந்தால் ஓடும், 16 இருந்தால் பொறுமை சோதிக்கப்படாது. எஸ்எஸ்டி கட்டாயம்.

புது கேமரா, பழைய மென்பொருள் என்பதுதான் ஃபைல் திறக்காததற்கு முக்காலே மூணுவீசம் காரணம். யாரோ காப்பி போட்டுக் கொடுத்த பழைய லைட்ரூமுக்குக் கேனானின் புது ரா வடிவமான சிஆர்3 என்றால் என்னவென்றே தெரியாது. அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம், அதில் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றினால் பழையதிலும் திறக்கும். ஃபைல் பெயரின் வாலை ஜேபெக் என்று மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறாது. விண்டோஸில் சின்னப் படமாகக்கூடத் தெரியவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன் என்று தேடிப் போடுங்கள்.

மற்ற மென்பொருள்களில் திறந்ததும் சப்பென்று இருப்பது கோளாறு அல்ல. கேமரா திரையில் பார்த்தது பளிச்சாக்கிய ஜேபெக், இது மேலே எதுவும் பூசாத படம்.

9. ப்ராசஸிங்: இந்த வரிசையில்

முதலில் கழித்தல். முந்நூறு படத்தை ஒன்றுக்கு ஐந்து நொடி என்று ஓட்டினால் 25 நிமிடம். ஃபோகஸ் தவறியது, கண் மூடியது, ஆடியது எல்லாம் வெளியே. நாற்பது படம் மிஞ்சினால் அது நல்ல நாள். அந்த நாற்பதில் மட்டும் கை வையுங்கள்.

லென்ஸ் கரெக்‌ஷன், அடுத்து வொயிட் பேலன்ஸ், அடுத்து எக்ஸ்போஷர். இந்த மூன்றும் சரியானால் பாதிப் படங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. பிறகு ஹைலைட்டை -30, -40 வரை இறக்கி, ஷேடோவை +20, +30 ஏற்றுங்கள். இரண்டையும் கடைசி வரை இழுத்தால் நிழலே இல்லாத, பொம்மை போன்ற படம் வரும். லைட்ரூமில் வொயிட்ஸ், பிளாக்ஸ் ஸ்லைடர்களை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நகர்த்துங்கள். எரியும் இடம் மட்டும் திரையில் தெரியும், தெரியத் தொடங்கியதும் ஒரு அடி பின்வாங்குங்கள். வைப்ரன்ஸ் +10. புள்ளி நீக்கம் ஐஎஸ்ஓ 1600க்கு மேல் மட்டும், 20 முதல் 30. அதற்கு மேல் போனால் தோல் மெழுகாகிவிடும். கூர்மையும் கிராப்பும் கடைசியில்.

மாந்தோப்பில் எடுத்த படங்களில் எல்லோர் முகமும் லேசாகப் பச்சையடிக்கும். இலை வழியாக வந்த வெளிச்சம் அது. டெம்பரேச்சர் ஸ்லைடரில் இழுத்தால் போகாது, மஞ்சள்தான் கூடும். அதன் கீழே உள்ள டின்ட்டை மெஜந்தா பக்கம் 8, 10 நகர்த்துங்கள். பழத்தின் மேல் நிறம் திரும்புவது தெரியும்.

ஓசூர் ரோஜாவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், புதியவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் என்பதால். பாலிஹவுஸ் உள்ளே வெளிச்சம் மென்மையாக இருக்கும், எரியும் என்று நினைக்கவே தோன்றாது. பொதுவான ஹிஸ்டோகிராமும் நடுவில்தான் நிற்கும். ஆனால் வீட்டில் பார்த்தால் பூ ஒரே சிவப்புக் கட்டி, இதழுக்கும் இதழுக்கும் நடுவில் கோடே இல்லை. கேமராவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்தால் காரணம் தெரியும்: பச்சையும் நீலமும் இடது பக்கம் கிடக்க, சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். நல்ல செய்தி, பகல் வெளிச்சத்தில் ரா ஃபைலுக்குள் சிவப்பு பெரும்பாலும் தப்பித்திருக்கும். அதை நாமே வைப்ரன்ஸ், சாச்சுரேஷன் என்று ஏற்றி ஏற்றித்தான் கொல்கிறோம். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்குங்கள். நிறத்தைத் தனித்தனியாகத் திருத்தும் இடத்தில் சிவப்பின் சாச்சுரேஷனை -15, லூமினன்ஸை -10 வையுங்கள். இதழ் விளிம்பின் சுருளும், நடுவில் இருக்கும் கருஞ்சிவப்பு மடிப்பும் ஒவ்வொன்றாக மேலே வரும். பூ கொஞ்சம் அடங்கியது போலத் தோன்றும், அதுதான் பூவின் நிறம்.

முகத்தை வெளுக்க வைக்கும் பழக்கம் நம் ஸ்டுடியோக்களில் நெடுநாளாக இருக்கிறது. எக்ஸ்போஷரை ஏற்றி மாநிறத்தை வெள்ளையாக்கினால் நெற்றியில் இருந்த ரா தகவலும் சேர்ந்து எரியும். நல்ல ரா கையில் இருக்கும்போது அதைச் செய்வது வீண்.

ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம், நாற்பது படத்துக்கு இரண்டு மணி நேரம். இதற்கு மேல் ஆனால் பிரச்சினை பெரும்பாலும் எடுத்த விதத்தில் இருக்கும்.

திருத்தங்கள் ராவுக்குள் எழுதப்படுவதில்லை. டார்க்டேபிள் அதே ஃபோல்டரில் எக்ஸ்எம்பி என்ற சின்ன ஃபைலாக வைக்கும், லைட்ரூம் தன் கேட்டலாகில் வைக்கும். "இது என்ன குப்பை" என்று எக்ஸ்எம்பியை அழித்தால் இரண்டு மணி நேர உழைப்பு போய்விடக்கூடும். ராவோடு அதையும் இரண்டாவது டிஸ்க்கில் ஏற்றுங்கள்.

10. லேபுக்கும் வாட்ஸ்அப்புக்கும்

கலர் லேபுக்கு ஜேபெக், எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளும் லேபுகளும் பயன்படுத்தும் நிற முறை), தரம் 90 முதல் 95, 300 டிபிஐ. 4×6 பிரிண்டுக்கு 1200×1800 பிக்சல், 8×12க்கு 2400×3600, 12×36 ஆல்பம் ஷீட்டுக்கு 3600×10800. அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் பல இடங்களில் நிறம் வெளிறி வரும், எஸ்ஆர்ஜிபியை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

முதல் ஆல்பத்துக்கு முன் ஒரே ஒரு 4×6 சோதனை பிரிண்ட் போடுங்கள். ஒரு முகம், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கருப்புத் தலைமுடி மூன்றும் உள்ள படமாக எடுத்துக்கொள்ளுங்கள். லேபில் "கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் தங்கள் பங்குக்கு நிறம் மாற்றுவார்கள். வந்த பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிண்ட் இருட்டாகத் தெரிந்தால் படத்தில் தப்பில்லை, உங்கள் திரை மிதமிஞ்சிப் பளிச்சிடுகிறது. இரண்டும் ஒத்துவரும் வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, அந்த அளவை ஒரு ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.